தப்பான விடைக்கு ஒரு பட்டன்

எங்க காலேஜுக்கு ஆன்லைன் பாடம் ஒண்ணு தயாராகுது. பட்டாசு ஆலைப் பாதுகாப்பு. எழுதுறது கெமிஸ்ட்ரி வாத்தியார் நான். அதைத் திரைக்கு ஏத்த மாதிரி வடிவமைக்கிறது பெங்களூர்ல இருக்கிற ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, சுறுசுறுப்பு.

இன்னைக்கு வீடியோ கால்ல முதல் பாடத்தைக் காட்டுச்சு. சரியான விடையைத் தொட்டா திரை முழுக்க ஃபேன்சி வெடி வெடிக்குது, சத்தத்தோட.

"உங்க ஊர் ஸ்பெஷல் சார்!"ன்னு சிரிச்சுது.

"எடுத்துரும்மா"ன்னேன். ஏன்னு கேக்காம எடுத்துருச்சு.

அடுத்த கேள்வி, வெடிமருந்து கலக்குற அறையைப் பத்தி. வேணும்னே தப்பான விடையைத் தொட்டேன். 'மறுபடி முயற்சிக்கவும்'னு ஒரு பட்டன் வந்துச்சு.

"இதையும் எடுத்துரும்மா. அங்கன மறுபடின்னு ஒண்ணு கிடையாது."

"தப்புப் பண்ணாத்தான சார் கத்துக்குவாங்க? பசங்களைப் பயமுறுத்தக் கூடாதுல்ல?"

பாடத்துக்கு அது சரிதான். ஆனா இதைப் படிக்கப்போற கிளாஸ்ல பக்கத்து ஊரு நாரணாபுரத்துப் பொண்ணு ஒருத்தி இருக்கா. போன தீபாவளி சீசன்ல அப்படி ஒரு அறைக்குள்ள போன அவ அப்பா திரும்பி வரல. அதைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. பட்டனை எடுத்துப் பாக்குது போல.

அப்புறம் மெதுவா, "அந்த பட்டன் இல்லாம அடுத்த பக்கம் போகாது சார். எழுத்தை மட்டும் மாத்தலாம். ரெண்டு வார்த்தைக்குள்ள சொல்லுங்க"ன்னுச்சு.

சாயந்திரத்துல இருந்து யோசிக்கிறேன்.

ரெண்டு வார்த்தைதான். உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?