கல்யாணக் காரும் சாவு வண்டியும்

நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் ஒரு கார் நுழைந்தால் எதிரே வரும் பூனைகூட ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். என் கல்யாணத்தன்று காலை அந்தச் சந்தில் பாதி தூரம் போயிருப்போம், எதிரே ஒரு சாவு வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் காத்திருந்தார்கள். முகூர்த்தம் தவறினால் கல்யாணமே வேண்டாம் என்று என் வருங்கால மாமியார் முந்தின நாளே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள்.

இரண்டு வண்டியிலும் ஒரே சாமந்தி, ஒரே ரோஜா. பூக்காரருக்கு என்ன, இரண்டும் வியாபாரம்தானே. மேளம் மட்டும் அவர்களுடையதுதான் பிரமாதம். எனக்கே காலை ஆட்டத் தோன்றியது.

காரை ஓட்டிய என் தாய்மாமன் தலையை வெளியே நீட்டினார். "வண்டிய பின்னாடி எடுப்பா!"

"பாடி ஏத்தின வண்டிய ரிவர்ஸ் எடுக்கக் கூடாது சார். அப்புறம் ஆவி வூட்டுக்கே திரும்பி வந்துடும்."

"பொண்ணு ஏறின வண்டியும் ரிவர்ஸ் போவக் கூடாதுய்யா. அப்புறம் இவ வூட்டுக்கே திரும்பி வந்துடுவா."

எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" என்று கன்னடத்தில் கத்தினார்.

"யாரு, பொணமா அட்ஜஸ்ட் பண்ணும்?" என்று மாமா அவர் மேல் பாய்ந்தார். அங்கே சத்தம் போடாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"பொணம் எதிர்ல வந்தா நல்ல சகுனம்டி," என்று பக்கத்தில் இருந்த அம்மா காதைக் கடித்தாள்.

"அந்த நல்ல சகுனத்த கொஞ்சம் வழிவிடச் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். மெயின் ரோட்டில் ஆட்டோ கிடைக்கும்.

"அடியே, மணப்பொண்ணு நடுத்தெருவுல எறங்கக் கூடாது!"

கூடாது, கூடாது, கூடாது. அன்று காலை கூடும் என்று சொல்ல அந்தச் சந்தில் ஒரு நாதி இல்லை. சுவருக்கும் சாவு வண்டிக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தேன்.

வண்டிக்குப் பின்னால், வழியனுப்ப வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குத் தலை நிறையப் பூ, நெற்றி நிறையக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல். கடைசியாக ஒரு தடவை சிங்காரித்திருந்தார்கள். என்னைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனமாம், அதன் பெண்டாட்டி வந்தால் ஆகாதாம். எவன் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண் விழ!

"என்னப் பாக்காத. போம்மா, நேரமாயிடும்," என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்து விலக்கினேன். என் வயதுதான் இருக்கும். வீங்கிய கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புடவ சாக்கடையில தோயுது பாரு," என்று குனிந்து, கொசுவத்தைப் பிழிந்து என் கையில் கொடுத்தாள்.

முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். தாலி ஏறியது.

சில நாள் கழித்து நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது அதே சந்தில் அவள் புருஷனுக்குக் காரியம் நடந்தது. புதுத் தாலிக்காரி அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று அம்மா கதவைச் சாத்தினாள். "ஒரே ஒரு வளையலாவது வுடுங்களேன்," என்று அவள் கேட்டது சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது.