பெரிய மேடம் திருடிய மணி

பெரிய மேடத்துக்குக் கோபம் வராது. இது அந்த ஆரம்பப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் குடி முழுகிவிடும் என்று அவரே பயந்துகொண்டிருந்தார். ஆனால் கோபம் வந்ததுபோல் நடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார், கொண்டையில் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவை உருவி மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான், பள்ளிக்கூடமே கப்சிப். இந்த ஒரு வித்தையை வைத்துத்தான் இத்தனை வருஷமாகத் தலைமையாசிரியை வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வித்தைக்கு உண்மையான வேலை வருஷத்தின் கடைசி நாளில்தான். ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்துவிடும். வெளியே போகிற பிள்ளைகள் அன்றைக்குப் பெரிய மேடத்திடம் ஒரு குறும்பைச் செய்துவிட்டுத்தான் போவார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. ஒரு வருஷம் அவருடைய நாற்காலியைத் தூக்கிவிட்டு ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலியைப் போட்டார்கள். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து அன்றைய வேலையைப் பார்த்து முடித்தார். இன்னொரு வருஷம் அறைக்குள் ஓர் ஆடு நின்றது, கழுத்தில் அவருடைய பெயர்ப்பலகையோடு. மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் பாதியை அது தின்றிருந்தது. மீதியையும் தின்றிருக்கலாம் என்பது மேடத்தின் சொந்தக் கருத்து.

ஒவ்வொரு வருஷமும் அவர், “யார் பார்த்த வேலை இது?” என்று கூரை அதிரக் கத்துவார். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குப் போனதும் செருப்புக் கடை வைத்திருக்கும் கணவரிடம் விஷயத்தைச் சொல்லி, விலா நோகச் சிரிப்பார்.

இந்த வருஷம்தான் எல்லாம் கெட்டது. பள்ளி திறந்த புதிதில் மேடத்துக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பேனாவும் இல்லை, கண்ணாடியும் இல்லை, நேராகப் போய் நின்றார்.

“இனிமே இந்த கிளாஸ்லேர்ந்து சத்தமே எனக்குக் கேக்கக் கூடாது!”

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமி பயத்தில் விக்கிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவள் பொதுவாகவே பேசாத பிள்ளை. வகுப்பு டீச்சர் செல்லமாக ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார்.

பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி போயிற்று. கூடவே ஐந்தாம் வகுப்பின் சத்தமும் போயிற்று. அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் மேடத்தின் அறையை நுனிக்காலில் கடந்தார்கள். இருமல் வந்தால்கூட மைதானத்துக்குப் போய் இருமிவிட்டு வந்தார்கள். மேடத்துக்கு மனசு கேட்காமல் ஒரு நாள் வகுப்புக்கே போய், “கொஞ்சம் சத்தம் போட்டு விளையாடுங்களேன்” என்றார். எல்லோரும் எழுந்து நின்று, “சரிங்க மேடம்” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள்.

“தங்கமான பிள்ளைங்க, மேடம். வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது” என்று வகுப்பு டீச்சர் பூரித்துப்போனார். மேடத்துக்குச் சுருக்கென்று இருந்தது.

கடைசி வாரம் வந்தது. மேடம் தன்னால் முடிந்தவரை வசதி செய்து கொடுத்தார். வராந்தாவில் நின்று, “என் ரூம் பூட்டு கெட்டுப்போச்சு, யார் வேணும்னாலும் உள்ள போயிடலாம் போலிருக்கே!” என்று காற்றிடம் புலம்பினார். சாயங்காலம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கைகட்டி வந்து நின்றான்.

“எங்க மாமா நல்லா பூட்டு ரிப்பேர் பண்ணுவாரு, மேடம். கூட்டிட்டு வரவா?”

அன்று வீட்டில் மேடம் சாப்பிடவே இல்லை.

“பல்லோட சேத்து அதுங்களோட குறும்பையும் நான் பிடுங்கிட்டேங்க” என்றார் கணவரிடம். “இப்படியே பயந்துகிட்டு இந்தப் பள்ளிக்கூடத்த விட்டுப் போயிடுச்சுன்னா, என் மனசு ஆறவே ஆறாது.”

“அதுக்கு என்ன பண்ணப் போற?”

“நானே ஒரு குறும்பு பண்ணப் போறேன். அதுங்க பண்ணின மாதிரி இருக்கணும். நான் ஒரு கத்து கத்துவேன், அதுங்க திருதிருன்னு முழிக்கும், அப்புறம் சிரிப்பு வந்துடும். ஒரு தடவை சிரிச்சுட்டாப் போதும்.”

“உனக்கு நீயேவா? நல்லா இருக்கு. மாட்டிக்கிட்டா என் பேரச் சொல்லிடாத.”

கடைசி நாள் காலை மேடம் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போனார். வராந்தா ஜன்னலில் இருக்கும் வெண்கலக் கைமணியை, அதன் நாக்கு ஆடாமல் பிடித்தபடி எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அந்த மணியைத் தினமும் அடிப்பது ஆயா. வருஷத்தின் கடைசி மணியை மட்டும் பெரிய மேடம் அடிப்பார். அடித்தால்தான் வருஷம் முடிந்ததாகக் கணக்கு. திரும்பினால் எதிரே துடைப்பத்தோடு ஆயா.

“என்ன மேடம், வயித்தப் பிடிச்சிட்டுப் போறீங்க?”

“வலிக்குது ஆயா... கொஞ்சம்.”

“கொஞ்சம் மாதிரித் தெரியலையே. நல்லா வீங்கியிருக்கே” என்றபடி ஆயா பெருக்கப் போய்விட்டார். மேடம் விளையாட்டுச் சாமான் அறைக்குள் நுழைந்து, காற்றுப் போன பந்துகள் கிடந்த சாக்குக்குள் மணியைத் திணித்தார். இந்த வயதில் திருட்டு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

சற்று நேரத்தில் ஆயா ஓடி வந்தார். “மணியக் காணோம் மேடம்!”

மேடம் கண்ணாடியை இறக்கினார், பேனாவை உருவினார், ஐந்தாம் வகுப்பின் முன்னால் போய் நின்று, “யார் பார்த்த வேலை இது?” என்று வெளுத்து வாங்கினார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஊமைக்கோட்டான் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். மேடத்துக்கு வயிறு நிஜமாகவே வலித்தது.

போதாக்குறைக்கு ஆயா படிக்கட்டில் உட்கார்ந்து, “என் பொறுப்புல இருந்த பொருளாச்சே, என்ன பதில் சொல்வேன்!” என்று ஒப்பாரி வைத்தார். போதும் இந்தக் கூத்து, தேடிக் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம் என்று மேடம் சாமான் அறைக்கு விரைந்தார். சாக்கைத் தலைகீழாகக் கொட்டினார். பந்துகள் உருண்டன. மணி இல்லை.

யாரிடம் கேட்பது? என்னவென்று கேட்பது? நான் திருடி வைத்ததை யாராவது பார்த்தீர்களா என்றா? தன் அறை நாற்காலியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தவர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. மணி இல்லாத பள்ளிக்கூடம் அதுபாட்டுக்கு நடந்தது; ஒன்றாம் வகுப்பு இரண்டு முறை சாப்பிடப் போனது.

மதியம் கூடத்தில் பிரிவு விழா. பெற்றோர் வந்து நிறைந்திருந்தார்கள். கணவரும் கடையைச் சாத்திவிட்டுக் கடைசி வரிசையில் இருந்தார். மேடத்தின் அறை நாற்காலியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் பல்லக்குத் தூக்குவதுபோல அலுங்காமல் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். அந்தப் பணிவைப் பார்க்கச் சகிக்காமல் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டு முடிந்தது, சான்றிதழ் கொடுத்து முடிந்தது.

“மணி இல்லாம எப்படி மேடம் முடிக்கிறது?” என்று வகுப்பு டீச்சர் காதில் கிசுகிசுத்தார்.

மேடம் எழுந்தார். வாசலில் ஆயா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஐந்தாம் வகுப்பு கைகட்டி உட்கார்ந்திருந்தது. அவர் மைக்கைப் பிடித்தார்.

“மணியத் திருடினது நான்தான்.”

கடைசி வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஆயா மேல ஒரு தப்பும் இல்ல. இந்தப் பிள்ளைங்க ஒரு குறும்பும் பண்ணாமப் போறாங்களேன்னு எனக்குத் தாங்கல. ஒரு நாள் பல்வலியில நான் கத்தின கத்துல இவங்க பயந்துட்டாங்க. தப்பு என்னோடது. இப்ப வச்ச இடத்துல மணியையும் காணோம்.”

முன்வரிசையிலிருந்து ஊமைக்கோட்டான் எழுந்தாள். மேடையேறி, மேடத்தின் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து போனாள். அங்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு வெளியே வந்தபோது கையில் மணி இருந்தது. அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தது. காலையிலிருந்து மேடம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க வச்ச இடம் சரியில்ல, மேடம். எல்லாரும் முதல்ல அங்கதான் தேடுவாங்க” என்றாள் அந்தப் பேசாத பிள்ளை, நிதானமாக. “சத்தமே கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல? அதான் துணி சுத்திட்டோம்.”

“காலையில திட்டினப்ப அழுதியே?”

“அழல மேடம். சிரிப்ப அடக்கினேன்.”

மேடம் துணியை உற்றுப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட துணி. தினமும் அவருடைய மேஜையைத் துடைக்கிற துணி. வாசலைத் திரும்பிப் பார்த்தார். அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு, ஆயா விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மேடம் பழக்கதோஷத்தில் கண்ணாடியை இறக்கினார், பேனாவை உருவினார். “யார் பார்த்த வேல...” அதற்கு மேல் வரவில்லை. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, மைக்கிலேயே. கண்ணில் வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் எதுவும் செத்துப்போகவில்லை என்ற நிம்மதி அது. துணியை உருவி எறிந்துவிட்டு, தான் அடிக்க வேண்டிய மணியை ஊமைக்கோட்டானிடம் நீட்டினார்.

அவள் தயங்கித் தயங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“கேக்கல!” என்று கத்தினார் பெரிய மேடம். “இன்னும் சத்தமா! எல்லாரும்!”