நசியாத தேசிக்காயும் நாலு வின்ரர் ரயரும்

மொன்றியலில ரயர் விக்கிறவனுக்கு வருசத்தில ரெண்டு காலம்தான்: ஒருத்தரும் எட்டிப் பாக்காத காலம் ஒண்டு, எல்லாரும் ஒரே நாளில வந்து நிக்கிற காலம் மற்றது. அந்த ரெண்டாம் காலத்தில நீங்களும் வரிசையில நிண்டு, கவுன்ரரில நிக்கிறவனை மனசுக்குள்ள திட்டியிருப்பியள். அந்தக் கவுன்ரரில நிக்கிறவன் நான்தான். செயின்ட்-மிஷேலில பீற்றர் அண்ணையின்ர கராஜ். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். அவர் என்னைத் திட்டுறது பிரெஞ்சில, நான் வாங்கிக் கட்டுறது தமிழில.

இது போன வருசக் கதை. என்ர மனிசி வதனிக்கு நிறைமாசம். எங்கட எலெக்ரிக் கார் கார்ட்டியர்வில்லில வீட்டு வாசலில சம்மர் ரயரோட நிக்குது. முதல் ஸ்னோவுக்கு முந்தி மலிவா நல்ல ரயரும் றிம்மும் பாத்துப் பூட்டிப்போடுவன், ஆஸ்பத்திரிக்குப் பயமில்லாமல் போகலாம் எண்டு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தன். ரயர்க் கடையில வேலை செய்யிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையே எண்டு நினைச்சுத்தான் குடுத்தனான்.

முன்னுக்கு ரெண்டு

சீசன் துவங்கின கிழமை ஒரு ஐயா வந்தார். எலெக்ரிக் கார், வாங்கி ஆறு மாசமும் இல்லை, கண்ணாடி மாதிரித் துடைச்சு வைச்சிருந்தார். நான் விலையைச் சொன்னன். மனிசன் பேர்ஸைத் திறந்து பாத்து மூடினார். பேந்து, சரி தம்பி, முன்னுக்கு ரெண்டு மட்டும் போடும் எண்டார்.

நான் ஆறுதலா விளங்கப்படுத்தினன். பின்னுக்குச் சம்மர் ரயர் எண்டால் ஸ்னோவில கார் பம்பரம் மாதிரிச் சுத்தும், பின்பக்கம் முன்னுக்கு வந்து நிக்கும், இஞ்சத்தைச் சட்டமும் விடாது, டிசம்பர் பிறந்தால் நாலும் வின்ரர் ரயராத்தான் இருக்கோணும் எண்டன். ஐயா குனிஞ்சு காருக்குக் கீழ ஒருக்காப் பாத்தார், என்னையும் ஒருக்காப் பாத்தார்.

"மோட்டர் முன்னுக்குத்தானே தம்பி இருக்கு. பின் ரயர் ரெண்டும் சும்மா கூட வாறதுகள்."

ரொறொன்ரோ றிம்

எலெக்ரிக் காரில வாற றிம் அநேகமாப் பெரிசு. பெரிய றிம்முக்குப் பெரிய ரயர், பெரிய ரயருக்குப் பெரிய விலை. அதால பிறேக்கில முட்டாத சின்ன றிம்மாப் பாத்து, தடிச்ச ரயராப் பூட்டி விடுவம், செலவு நல்லாக் குறையும். ஆனால் பற்றறிக் கார் சரியான பாரம். அந்தப் பாரத்தைத் தாங்கிற ரயராப் பாத்து எடுக்கோணும், றிம்மின்ர ஓட்டையளும் பொருந்தோணும். இதெல்லாம் பாக்கத்தான் நாங்கள் இருக்கிறம். எங்கட சனத்துக்கு நாங்கள் தேவையில்லை, ரொறொன்ரோவில ஒரு அண்ணர் இருந்தால் காணும்.

ஒருத்தர் அப்பிடித்தான் நாலு றிம்மை இறக்கினார். அண்ணர் கலியாண வீட்டுக்கு வரேக்க, மட்டன் ரோல்ஸ் பெட்டிக்குக் கீழ வைச்சுக் கொண்டந்து குடுத்ததாம். நல்ல றிம், மினுங்குது. ஆனால் காரில அஞ்சு நட், றிம்மில நாலு ஓட்டை. நான் சொன்னதை அவர் நம்பேல்லை, அண்ணரை ஃபோனில பிடிச்சு என்ர கையில தந்தார். அங்கால பக்கம் ஏதோ கொண்டாட்டம், ஒரே சத்தம். அதுக்குள்ளால அண்ணர் எனக்குத் தொழில் படிப்பிச்சார்.

"நாலையும் நல்லா இறுக்கிப் பூட்டினால் அஞ்சாவது என்னத்துக்கடாப்பா?"

ஒளிச்சு வைச்ச செற்

அந்த நேரம்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சது. கார் மாத்தின ஆரோ ஒருத்தர் றிம்மோட நாலு ரயர் கொண்டந்து போட்டிட்டுப் போயிருந்தார். ஒரு வின்ரர்தான் ஓடினது. சின்ன றிம், பாரம் தாங்கிற ரயர், என்ர காருக்கெண்டே செய்து வைச்ச மாதிரி. பீற்றர் அண்ணை, எடுத்துக்கொண்டு போடா, அந்தாள் கேட்ட விலையை மட்டும் தா எண்டார். எனக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. சனிக்கிழமை பூட்டுவம் எண்டு லொறி ரயருகளுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சன்.

வியாழக்கிழமை கமலாக்கா வந்தா. இல்-பிசார் தீவில இருக்கிறவ, புருசன் செத்தாப் பிறகு தனியக் கார் ஓடப் பழகினவ. என்ர காரைப் போலவே கார், அதே வெள்ளை, ஏனெண்டால் நல்ல கார் எண்டு அவவுக்குச் சொன்னதே நான்தான். ஒரு முதியோர் இல்லத்தில சமையல் வேலை கிடைச்சிருக்கு, வெள்ளிக்கிழமை துவக்கம், விடியக் காலமை அடுப்பு மூட்டோணும். அந்தத் தீவில அந்த நேரத்துக்கு பஸ் எங்க இருக்கு? அவவின்ர காருக்குப் பொருந்திற மலிவான செற் எங்களிட்ட வேற இல்லை. அவ ஒண்டும் கெஞ்சேல்லை. பரவாயில்லைத் தம்பி, மெதுமெதுவா ஓடுறன் எண்டு கார்த் திறப்பைக் கையில எடுத்தா. என்ர வாய் என்னைக் கேக்காமல், அக்கா கொஞ்சம் நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டுது.

வீட்ட போய், ஒளிச்சு வைச்ச செற்றைக் கமலாக்காவுக்குக் குடுத்திட்டன், அடுத்த செற் திங்கள் வரும், சப்ளையர் சொன்னவன் எண்டு வதனிக்குச் சொன்னன். அவள் வயித்தில கையை வைச்சுக்கொண்டு சொன்னாள்:

"உங்களிட்ட ரயர் வேணுமெண்டால் நான் உங்கட மனிசியா வராமல் கஸ்ரமரா வந்திருக்கோணும்."

ஃபிறிசரில இருந்த தேசிக்காய்

கமலாக்காவின்ர காருக்குப் பூட்டினது எப்பிடியெண்டு சொல்லேல்லை என்ன? பூட்டி முடிச்சு இறக்கினவுடனே அவ ஹான்ட்பாக்கில இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தா. நாலு தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம். அக்கா, இது புதுக் காருக்கெல்லோ வைக்கிறது எண்டன். சில்லு புதுசுதானே எண்டா. மலிவா விக்கேக்க ஒரு பெட்டி வாங்கி டீப் ஃபிறிசரில போட்டு வைக்கிறவ. அதில இருந்து அப்பிடியே எடுத்துக்கொண்டு வந்திட்டா. கையில வாங்கினன், கருங்கல்.

கராஜ் முற்றத்தில நாலு சில்லுக்கும் முன்னால வைச்சன். எலெக்ரிக் கார் வெளிக்கிடுற சத்தம் கேக்காதெல்லே, நான் நிமிரவும் கார் நகர்ந்திட்டுது. மூண்டு தேசிக்காய் சட்டுப்புட்டெண்டு நசிஞ்சுது. முன்பக்கத்து வலது சில்லின்ர தேசிக்காய் நசிய மறுத்து, வழுக்கி, கிரிக்கெட் பந்து மாதிரிப் பறந்து போய்க் கராஜின்ர தகரக் கதவில அடிச்சுது. உள்ள இருந்து பீற்றர் அண்ணை, ரயர் வெடிச்சிட்டுதெண்டு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். காலடியில தேசிக்காய் உருளுது. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை, நிலத்தில இருந்திட்டன். கமலாக்கா மட்டும் சிரிக்கேல்லை. கண்ணாடியை இறக்கி அவருக்குச் சொன்னா:

"மூண்டு சில்லைப் பிள்ளையார் பாப்பார் அண்ணை. நாலாவதை உங்கட மாதாவைப் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ."

நட் இறுக்க வந்த இடத்தில

புதுசாப் பூட்டின சில்லை நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு கொண்டு வந்து நட் இறுக்கோணும். எல்லாருக்கும் சொல்லுறம், ஒருத்தரும் வாறேல்லை. நீங்களும் வந்திருக்க மாட்டியள். கமலாக்கா வந்தா. அடுத்த வெள்ளிக்கிழமை, வேலை முடிஞ்ச கையோட. திங்கள் வாற செற் திங்கள் வரேல்லை, ஆனால் ஸ்னோ வெள்ளிக்கிழமை காலமையே வந்திட்டுது. ரோட்டு முழுக்கக் காருகள் பக்கவாட்டில ஓடுது. நட் இறுக்கிற நீட்டுச் சாவியைக் கையில எடுக்கிறன், ஃபோன் அடிக்குது. வதனி. பிள்ளைப்பேற்று நோ துவங்கீட்டுதாம், தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதாம், டாக்சிக்குச் சொன்னால் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகுமாம். எல்லாருக்கும் ரயர் பூட்டினவன்ர கார் வாசலில சம்மர் ரயரோட நிக்குது. பீற்றர் அண்ணை என்னைக் கமலாக்காவின்ர காருக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வதனியை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டம். ஒரு ஏத்தத்தில பஸ் ஒண்டு குறுக்க நிக்குது, முன்னால போன ரெண்டு கார் பின்னால வழுக்கி வருகுது. எங்கட கார் மட்டும் ரோட்டைக் கடிச்சுப் பிடிச்சுக்கொண்டு ஏறுது. என்ர ரயர்! அழுகிறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. அப்பதான் ஞாபகம் வந்தது. காதுக்குள்ள சொல்லுற மாதிரி, அக்கா மெதுவாப் போங்கோ, நட் இன்னும் இறுக்கேல்லை எண்டன். அந்த நோவுக்குள்ளயும் வதனிக்குக் கேட்டிட்டுது. என்ன இறுக்கேல்லை எண்டு என்ர கையைப் பிடிச்சு நெரிச்சாள். கமலாக்கா ரோட்டில இருந்து கண்ணை எடுக்கேல்லை.

"பயப்பிடாதை பிள்ளை. பிள்ளைப்பேறுக்குப் போறம், மாதா முன் சில்லில நிக்கிறா."

நீட்டுச் சாவி

ஆஸ்பத்திரியில தாதி ஒருத்தி என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். குனிஞ்சு பாத்தால், நட் இறுக்கிற சாவி இன்னும் என்ர கையில. மிஸ்யூ, அது தேவைப்படாது, எங்களிட்ட எல்லாச் சாமானும் இருக்கு எண்டு பிரெஞ்சில மரியாதையாச் சொன்னாள். நான் அதைக் கதிரைக்குக் கீழ வைச்சிட்டு வதனியின்ர தலைமாட்டில நிண்டன். பயமெண்டால் அப்பிடிப் பயம். வாக்குக் குடுத்த ஒரு விசயம், அதையும் செய்யேல்லை எண்டு மனசு குத்திக்கொண்டே இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுக்க, அவள் ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் நடுவில என்னைத் திரும்பிப் பாத்தாள்.

"இஞ்ச நிண்டு முழுசாமல், கீழ போய் அந்த அக்காவின்ர நட்டை இறுக்கிப்போட்டு வாங்கோ. அவ தீவுக்குத் தனியப் போகோணும்."

வீட்ட போற நாள்

போய் இறுக்கினன். கொட்டுற ஸ்னோவுக்குள்ள முழங்காலில இருந்து நாலு சில்லையும் இறுக்கினன். ஒரு நட்டும் அசையேல்லை, முதல் நாளே ஒழுங்காத்தான் பூட்டியிருக்கிறன். திரும்பி மேல ஓடிப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில மகள் பிறந்தாள். தாதி சொன்னதுக்கு மாறா, அந்தச் சாவி அண்டைக்குத் தேவைப்பட்டுதெண்டுதான் நான் சொல்லுவன்.

பிள்ளையை வீட்ட கொண்டு போற நாள், ஆஸ்பத்திரி வாசலுக்கு என்ர காரையே கொண்டந்து நிப்பாட்டியிருந்தார் பீற்றர் அண்ணை. சப்ளையரைப் பிரெஞ்சில திட்டின திட்டில செற் வந்து, நாலு வின்ரர் ரயரும் பூட்டியாச்சு. குனிஞ்சு பாத்தன். ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால ஒரு தேசிக்காய். வேதக்காரர், கழுத்தில செபமாலை, வாழ்க்கையில முதல் தரம் வைச்சிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அவர் பிள்ளையின்ர தொப்பியைச் சரி செய்து விட்டுக்கொண்டு சொன்னார்:

"நாலும் நசியுமடா. ஃபிறிசரில இருந்ததில்லை, நசிச்சுப் பாத்து வாங்கினது."

ஆக, மொன்றியல் முழுக்க ரயர் பூட்டிவிட்ட எனக்கு, என்ர காருக்கு நாலு ரயர் பூட்ட ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.