நகரமண்டபச் சுவரின் ஆறாவது சதுரம்

தன்னைப் பற்றிய பொய்யை ஒருவன் தன் கையாலேயே சுவரில் தீட்டிவிட்டு, அதே தெருவில் தொடர்ந்து குடியிருக்க முடியுமா? சூசைதாசனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னே வருகிறது.

மன்னாரில் மாதா கோயில் சுரூபங்களுக்கு, புனிதர் சிலைகளுக்கு, வண்ணம் தீட்டியவர் அவர். தென் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக்கு அகதியாக வந்து, சுவர்ப்பூச்சு நிறுவனமொன்றில் சேர்ந்தார். அந்த வேலை இருக்கும்வரைதான் அவருக்கும் மனைவி சிசிலிக்கும் விசா.

1996இல் நகரத்துக்கு எழுநூறு வயது. நகரமண்டபத்தின் பக்கச் சுவரில் ஊர் வரலாற்றை ஆறு சதுரங்களாக வரைந்தார்கள். உப்பு வண்டிகள், கொள்ளைநோய், பெருந்தீ, முதல் ரயில். அடுத்தது 1955ஆம் ஆண்டின் அறுவடை விழா. இடையில் ஊரே நாஜிக் கொடி கட்டிக் கைதூக்கி நின்ற பன்னிரண்டு வருடங்களைக் காணோம். ஆறாவது இது: நகரம் அகதிகளைப் பாண் கொடுத்து வரவேற்கிறது. அந்த ரொட்டியை நீட்டுபவர், அதைச் சுட்டு விற்கும் ஊர் வெதுப்பகக்காரர்.

அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், அகதி விடுதியை மூடச் சொல்லி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர். அந்த வாரமே விடுதி யன்னல்களுக்குக் கல் விழுந்தது. அங்கே சூசைதாசனின் அறைத்தோழனாக இருந்த தவராசாவுக்கு இடக்கண் போனது. எறிந்தவன் அகப்படவில்லை.

நகரம் அமர்த்திய ஓவியர் கோடுகளைப் போட்டுத் தந்தார். வண்ணம் நிறுவனத்தின் வேலை. பாண் வாங்குபவனின் முகம் மட்டும் வெறுமையாக இருந்தது. "உங்கள் ஆட்களில் ஒருவனைப் போடு. சிரிக்கட்டும்," என்றார் மேற்பார்வையாளர் சூசைதாசனிடம்.

ஈரச் சுண்ணச்சாந்தில் செய்யும் வேலை அது. காலையில் பூசும் சாந்து மாலைக்குள் இறுகி, ஏறிய வண்ணத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். பிறகு திருத்துவதென்றால் கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

மதியம் தவராசா, சூசைதாசன் ஏறி நின்ற சாரத்தின் கீழே வந்து நின்றான்.

"அண்ணை, எனக்கு அண்டைக்கு வந்தது கல்லல்லோ. அந்தாளின்ரை கையிலை அதைக் கீறுங்கோ."

"கீறினா நாளைக்கு வேலை இல்லை. வேலை இல்லாட்டி விசா இல்லை. சிசிலிக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"ஓம், ஓம். எனக்கென்ன, ஒரு கண்தானே. பாதிப் பொய்தான் தெரியும்."

"போடா விசரா. சாந்து காயுது."

"போறன். சிரிப்பை மட்டும் வடிவாக் கீறுங்கோ."

மாலையில் வந்து பார்த்த மேற்பார்வையாளர், சிரிப்பைக் காணோமே என்று முணுமுணுத்தார். சாந்து இறுகிவிட்டிருந்தது.

விழாவன்று திரை விலகியது; வாத்தியக்குழு ஊதியது. வெதுப்பகக்காரர் தன் உருவத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார். இத்தனை பச்சையான பொய்யை பியர் குவளையும் கையுமாக ஊரே அண்ணாந்து ரசித்தது. ஒருவர்கூடக் கூசவில்லை. அந்தச் சுவரில் உயிரோடு இருந்தது ஒரேயொரு முகம்.

பாண் வாங்குபவன் தவராசா. இரண்டு கண்களும் முழுதாக இருந்தன. பாணைப் பாராமல் வெதுப்பகக்காரரையே பார்த்தன.

தவராசா சுவரடிக்கு வந்தான். "ஏன் அண்ணை ரெண்டு கண்?"

"பாதிப் பொய்தான் தெரியுமெண்டாய். இவன் முழுசையும் பாக்கட்டும்," என்ற சூசைதாசன், திரை கட்டக் கொண்டுவந்த ஏணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.