நாலரை மணிக் கேபிள் கார்

ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக நாலரை மணி. சுவிஸ் மலையொன்றின் உச்சியில், கேபிள் கார் நிலையத்தில் நின்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இராகு காலம் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு வயது மகள் முன்னால் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் ஏறிவிட்டாள். நானும் மனைவியும் வெளியே நின்றோம்.

"இறங்கு பிள்ளை. ஆறு மணி தாண்டினாப் பிறகு போவம்."

"ஐயோ அப்பா, ஏறுங்கோ. எல்லாரும் பாக்கினம்!"

வண்டிக்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டி மறுத்து, என் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவரும் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கதவு மூடிக்கொண்டது. மகள் கண்ணாடியில் கையால் அடிப்பது தெரிந்தது. பெட்டி எங்கள் கண்ணெதிரே கீழே இறங்கிப் போனது.

கோடை முழுவதும் கடைசி வண்டி ஆறரைக்குத்தான். அதை நம்பித்தான் நின்றேன். சுவரில் புதிதாக ஒட்டியிருந்த நேர அட்டவணையை மனைவிதான் முதலில் பார்த்தாள். இலையுதிர் காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். போனதுதான் கடைசி வண்டி.

இந்தக் கதையை இங்கே ரொறன்ரோவில் சொன்னால் சிரிக்கிறார்கள். "படிச்ச மனிசன், சுவிசில போயும் பஞ்சாங்கமோ?" என்று டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் ஒருவர் கேட்டார். சிரிக்கட்டும். எண்பத்து மூன்று ஆடியில், கொழும்பில், ஒரு திங்கட்கிழமை ஏழரை மணிக்குப் பிறகு கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிட்டேன். இராகு காலம் போய் ஒன்பது மணி தாண்டட்டும் என்றாள் மனைவி. பட்டதாரி நான், அன்று சிரித்தேன். மாலையில் வந்து பார்த்தபோது கலவரத்தில் வீடு எரிந்து முடிந்திருந்தது. மனைவியும் மகளும் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று அறியவே நாட்கள் ஆயின. இராகு காலத்துக்கும் தீ வைத்தவர்களுக்கும் தொடர்பில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என் குடும்பம் எங்கும் புறப்படாது. இங்கேயும் திங்கட்கிழமைகளில் ஏழரைக்கு முன்னரே வெளிக்கிட்டுப்போய், தொழிற்சாலை வாசலில் குளிரில் நிற்கிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கனடாவுக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் அந்த மலைக் கிராமத்தில் இருந்தோம். மூடிக்கிடந்த ஹோட்டல் ஒன்றில் அகதிகளைக் குடிவைத்திருந்தார்கள். நான் இன்னொரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். மகள் பள்ளிக்கூடம் போய் அந்த ஊர்ப் பேச்சை எங்களுக்கு முன்னரே பிடித்துவிட்டாள். ஞாயிறு வந்தால் ஊரே தடித்த சப்பாத்தும் ஊன்றுதடியுமாக மலையேறும். எதிர்ப்படும் எவருக்கும் வணக்கம் சொல்லும். நாங்களும் ஏறினோம். மனைவி சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும், கால்களில் தேவாலயத்தில் கொடுத்த ஆண்கள் சப்பாத்துமாக வருவாள். பையில் இடியப்பமும் சம்பலும் இருக்கும்.

"அண்ணை, அகதியெண்டு பதிஞ்சுபோட்டு இப்பிடி உலாத்தினா கேஸ் என்னாகும்? கொஞ்சம் அடங்கி இருங்கோவன்" என்றார் பக்கத்து அறைக்காரர்.

"உயிருக்குப் பயந்து ஓடிவந்தனான்தான். அதுக்காக அறைக்குள்ள குந்தியிருக்க வரேல்லை" என்றேன்.

கீழ் நிலையத்துக்கு அருகில் மாட்டுத்தொழுவம் வைத்திருந்த ஒரு பெண்மணி மட்டும் எங்கள் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. காரணம் இருந்தது. வந்த புதிதில் ஒரு ஞாயிறு மனைவி துணி தோய்த்து வெளியே கொடியில் போட்டாள். அந்த அம்மா வேலியடியில் நின்று சத்தம் போட்டார். ஞாயிறு அங்கே துணி காயப்போடக் கூடாத நாள். ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போன மனைவி சொன்னாள்: "எங்களுக்கு ஒண்டரை மணித்தியாலம். இவையளுக்கு முழுநாளும் ராகுகாலம்."

அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊரில் கூச்சமே இல்லாமல் போனது.

ஆனால் அன்று மலையுச்சியில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபோது அந்தத் தைரியம் எல்லாம் பெட்டியோடு கீழே போய்விட்டது. மறுபடியும் பிள்ளை ஓரிடம், நான் ஓரிடம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலேறிக்கொண்டிருந்தது.

"இப்பவும் மணியையே பாக்கிறியள்? இறங்குங்கோ!" என்றாள் மனைவி.

இறங்கினேன். இராகு காலத்தின் நட்டநடுவில் இறங்கினேன். வழிகாட்டச் சிவப்பும் வெள்ளையும் பூசிய கற்கள் இருக்கும். பனியில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவிலேயே கால் வழுக்கி, ஈரப் புல்லில் முழங்கால் அடிபட விழுந்தேன்.

"பாத்தீரோ? சொன்னனான்தானே" என்றேன், விழுந்த இடத்திலிருந்தே.

அவள் பார்த்த பார்வையை எழுத முடியாது. கையைப் பிடித்துத் தூக்கி, நிலையத்துக்குத் திரும்பக் கூட்டிவந்து வாங்கிலில் இருத்தினாள். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினோம். பனிக்குள்ளிருந்து மாட்டுமணிச் சத்தம் மட்டும் வந்தது.

"அவள் கெட்டிக்காரி. ஆரிட்டயாவது போய்க் கேப்பாள்" என்றாள் மனைவி.

"ஆரிட்டக் கேக்கிறது? அங்க எங்களுக்கு ஆரைத் தெரியும்?"

அவள் மீந்திருந்த இடியப்பத்தை எடுத்து என் கையில் வைத்தாள். இருவரும் சாப்பிடவில்லை. இனி எந்த மலைக்கும் வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வருவேன். அடுத்த ஞாயிறும் வருவேன், பிள்ளை மட்டும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

மலையின் மறுபக்கத்தில் பால் ஏற்றப் போகும் கரடுமுரடான பாதை ஒன்று உண்டு. அந்தப் பக்கம் மஞ்சள் வெளிச்சம் இரண்டு ஆடின. பிறகு பழைய ஜீப் ஒன்றின் உறுமல். அது நிற்குமுன்பே மகள் குதித்து ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். ஓட்டுனர் இருக்கையிலிருந்து இறங்கியவர், தொழுவத்துக்கார அம்மா.

"நீ இவவிட்டயோ போனனீ?" என்றேன்.

"வேற ஆர் அப்பா கிட்ட இருக்கினம்? முதல் கதவைத் திறக்கேல்லை. பிறகு ஏன் நீங்கள் வண்டியில ஏறேல்லை எண்டு கேட்டா. ஞாயிறு உடுப்புக் காயப்போடக் கூடாதெண்டு உங்களுக்கு இருக்கிற மாதிரி, எங்களுக்கும் ஒரு நேரம் இருக்கு, அது ஆறு மணிக்குத்தான் முடியும் எண்டு சொன்னன். உடன போய் ஜீப் திறப்பை எடுத்தா."

அந்த அம்மா என் முழங்காலைப் பார்த்தார், மனைவியின் சேலைக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்துத் தன் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, ஏதோ கேட்டார்.

மகள் சொன்னாள்: "ஆறு மணி தாண்டியிட்டுதாம். இப்ப வெளிக்கிடலாமோ எண்டு கேக்கிறா."