இடது மட்கார்டு இரண்டு

என் வீட்டுக்காரர் தென்காசியில் பல் டாக்டராக இருந்தார். கார் வாங்கும் யோசனை அவருக்கு இருந்ததே இல்லை. மலைமேல் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சொந்த ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரரிடம் மேலும் கீழுமாக முழுப் பல்செட்டு கட்டிக்கொண்டார். அதற்குக் கூலியாகத் தன் பழைய காரை விட்டுவிட்டுப் போனார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் டிக்கியைத் திறந்தால் இன்னும் இரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். பல்செட்டு கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று துரை அங்கேயிருந்து கடிதம் எழுதினார். கார்தான் எங்களுக்குப் பொருந்தவில்லை.

அந்தக் காருக்கு என்னைவிட வயது அதிகம். மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். நாலு வருஷம் காலியாக இருந்த அந்த இடத்தில் கார் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். குளிர்ந்தால் கிளம்பாது, வெயிலடித்தால் கொதிக்கும், விருந்தாளி வந்தால் இருமும்.

மலைச்சாரலிலேயே கிடந்ததால் தகரமெல்லாம் துரு ஏறிப்போயிருந்தது. முன்சக்கரத்துக்கு மேலே இருந்த இரண்டு மட்கார்டுகளில் வலதுபக்கத்தது, வந்த மாதமே அப்பளம்போல உதிர்ந்துவிட்டது. இடதுபக்கத்தது ஓட்டை ஓட்டையாக, உருவம் மட்டும் கலையாமல் இருந்தது. ஊரில் தகர வேலை செய்கிற டிங்கர் ஒருவர், தார் டிரம்மை வெட்டிப் புதிதாக இரண்டு மட்கார்டு அடித்துக் கொடுத்தார். பலமான வேலை. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இவர் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு, பழைய இடது மட்கார்டைத் தூக்கி எறிய மனசில்லாமல் கொல்லைப்புறத்தில் வைத்தார்.

அந்த வருஷச் சாரலுக்கு என் நாத்தனார் புருஷனோடு வந்திருந்தாள். ஐந்தருவிக்குக் காரில்தான் போக வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். குற்றாலம்வரை ஒழுங்காக வந்த கார், ஏற்றத்தில் பாதி தூரம் போய் நின்றது. நாத்தனார் இறங்கினாள். அப்புறம் அவள் புருஷன், அப்புறம் நான். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று பேரும் தள்ளினோம். பின்னால் வந்த குதிரைவண்டிக்காரர் எங்களைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்தினார்.

"கயிறு கெடக்கு டாக்டரய்யா, கட்டி இழுக்கவா?"

மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் வந்திருந்தால் இந்நேரம் குளித்துவிட்டு பஜ்ஜியும் தின்றிருக்கலாம் என்று நாத்தனார் ஊருக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்ஜினுக்குச் சக்தி இல்லையே என்று இவர் யோசித்திருக்கலாம். தகரம் கனம் என்று யோசித்தார். வாசகசாலையில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில், சீமையில் கண்ணாடி நாரைப் பசையில் தோய்த்துக் கார் செய்கிறார்கள், இரும்பில் கால் பங்குகூட எடை இல்லை என்று போட்டிருந்ததாம். அன்றிலிருந்து வீட்டில் பைபர் கிளாஸ் தவிர வேறு பேச்சில்லை. மதராஸில் மூன்று கம்பெனிகளுக்கு எழுதினார். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, காருக்கு முன்கண்ணாடி வேண்டுமானால் அளவு அனுப்பச் சொன்னது. மூன்றாவது கம்பெனி கண்ணாடி வளையல் விலைப்பட்டியலை அனுப்பிவைத்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். டிங்கரிடம் கேட்டதற்கு அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணாடியில மட்கார்டா? டாக்டரய்யா, நீங்க பல்லோட நிறுத்திக்கிடுங்க" என்றார்.

கடைசியில் விஷயம் ஒரு நோயாளியின் வாயிலிருந்து வந்தது. கொல்லத்திலிருந்து கருவாடு தருவிக்கும் வியாபாரி, தென்காசிக்காரர், பாய். கடைவாய்ப் பல்லுக்காக வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். பல்லைக் குடைந்துகொண்டே இவர் பைபர் கிளாஸ் புராணத்தை ஆரம்பித்துவிட்டார். பாய் கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், "ஆ, ஆ" என்றார். வலிக்கிறது போல என்று இவர் இன்னும் கொஞ்சம் மருந்தை வைத்து அடைத்தார். கால் மணி நேரம் கழித்து வாய் கொப்பளிக்க விட்ட பிறகுதான் பாய்க்குப் பேச்சு வந்தது.

"அதத்தான அப்பவே புடிச்சு சொல்லுதேன். கொல்லத்துல கண்ணாடி நாருல மீன்புடி படகு செய்யுதாவ. நான் கண்ணால பாத்தேன்."

அன்று மத்தியானம் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டார். கொல்லைப்புறத்தில் கிடந்த இடது மட்கார்டின் ஓட்டைகளை மெழுகால் அடைத்து, பல்லுக்கு அச்சு எடுக்கிற மாதிரியே பிளாஸ்டர் ஆப் பாரிஸைக் குழைத்து அப்பி அச்சு எடுத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கட்ட வேண்டிய பல்லுக்கான பிளாஸ்டர் அதில் போயிற்று. அச்சை ஜமுக்காளத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஏறினோம். எதிர் ஸீட்டில் இருந்த அம்மாள் எந்தக் கோயிலுக்குச் சிலை போகிறது என்று கேட்டாள். இவர் பதில் யோசிப்பதற்குள் ஜமுக்காளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலைக்குகைக்குள் ரயில் நுழைந்து இருட்டியபோது அவள் முணுமுணுத்த மந்திரத்தைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தேன்.

படகு கட்டுகிறவர் காயலோரம் ஒரு ஓலைக்கொட்டகையில் இருந்தார். வாசலிலேயே மூக்கைத் துளைக்கும் பசை நாற்றம். அச்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஞான் வள்ளம் பணியுந்ந ஆளாணு சாறே" என்றார். படகு செய்கிறவனிடம் வந்து கார் கேட்கிறீர்களே என்று அர்த்தம். அப்படிச் சொல்லும்போதே அவர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததை இவர் கவனித்துவிட்டார். கைப்பை எப்போதும் கூடவே வரும். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் அவரை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். அவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று சைகையில் கேட்டார். இவர் இரண்டு விரலைக் காட்டினார்.

மூன்று வாரத்தில் பார்சல் வந்தது. ஒட்டுப்போட உதவும் என்று ஒரு டின் பசையும், அதை இறுக வைக்கும் மருந்து ஒரு சீசாவும், கொஞ்சம் கண்ணாடி நார்த் துணியும் கூடவே இருந்தன. ஒரு மட்கார்டை நான் ஒற்றைக் கையால் தூக்கினேன். முறத்தின் கனம்தான் இருக்கும். இவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடப் பார்க்க முடியாது. இடதுபக்கம் மாட்டினார், பொருந்தியது. இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வலதுபக்கம் போனார். வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்தார், தலைகீழாக வைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"என்னங்க, ரெண்டும் இடதுல்லா?" என்றேன்.

மேல்வாயா கீழ்வாயா, இடதா வலதா என்று ஒரு நாளும் தப்பாத மனுஷர். ஒரே அச்சைக் கொடுத்து இரண்டு விரலைக் காட்டியிருக்கிறார். அன்று முழுக்க என்னை முறைத்துக்கொண்டே திரிந்தார், நான் ஏதோ சதி செய்த மாதிரி.

வலதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று சொன்னது நான்தான். உள்ளே இருந்த நிலைக்கண்ணாடியை முற்றத்துக்குக் கொண்டுவந்து சாய்த்து, இடது மட்கார்டை அதன் முன்னால் வைத்தேன். கண்ணாடிக்குள் தெரிந்தது வலது. குயவர் வீட்டுக் களிமண்ணை வாங்கிவந்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அதே உருவத்தைப் பிடித்தேன். நாலு நாள் ஆனது. இவர் நூல் பிடித்து அளந்து, இங்கே வழி, அங்கே பூசு என்று சொல்லிக்கொண்டிருந்தார். காய்ந்த பிறகு, பசை ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்காக அதன்மேல் பல்மெழுகை உருக்கித் தடவினோம். முதல் தடவை பசையில் மருந்தை அதிகமாக ஊற்றிவிட்டார். தம்ளரிலேயே புகைந்து கல்லாகிவிட்டது, உள்ளே என் வெள்ளி ஸ்பூனோடு. அதற்கப்புறம் மருந்து சீசா என் கைக்கு வந்தது. துணியை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். போல்ட்டு வருகிற இடங்களில் மனசு கேட்காமல் நாலைந்து துணி கூடுதலாகவே வைத்தேன்.

கண்ணாடி நார் என்பது எவ்வளவு பொல்லாதது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை போல. கை, கழுத்து, இடுப்பு எல்லாம் அரிப்பு. தேங்காயெண்ணெயைப் பூசிக்கொண்டு ஆளுக்கு ஒரு தூணில் முதுகைத் தேய்த்தோம். நோயாளியின் வாயில் கையை வைத்துக்கொண்டே இவர் மற்றக் கையால் சொறிவதைப் பார்த்து, டாக்டருக்குச் சிரங்கு என்று கதை கிளம்பி, அந்த வாரம் டிஸ்பென்சரியில் ஈ ஓட்டினார்.

மாட்டி முடித்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஐந்தருவிக்குக் கிளம்பினோம். நல்ல சாரல். அதே ஏற்றம் வந்தது. கார் முக்கியது, முனகியது, நடை வேகத்துக்கு இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் இவர் இறங்கி, தெரியாத நாலு பேரைக் கூப்பிட்டு மட்கார்டைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். நான் குளிக்கப் போனேன்.

இறங்கும்போது மேடுபள்ளத்தில் கார் குதித்த ஒரு குதியில், படகுக்காரர் செய்த இடது மட்கார்டு போல்ட்டை அப்படியே பிய்த்துக்கொண்டு காற்றில் எழும்பியது. நின்று நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, ரோட்டோரம் பெருகி ஓடிய ஓடையில் விழுந்தது. இவர் காரை நிறுத்தி இறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தண்ணீரில் அது மல்லாந்து, ஆடாமல் அசையாமல், வள்ளம்போலப் போய்க்கொண்டிருந்தது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பிடிப்பார்கள் என்று நினைத்தோம். பாம்போ என்னவோ என்று விலகி வழிவிட்டார்கள்.

அவர் அழுதுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மழையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அது வளைவில் மறையும்வரை பார்த்தார்.

"ஏட்டி, ஒரு சொட்டு தண்ணி உள்ள போவல, பாத்தியா?" என்றார்.

இடதுபக்கம் உட்காருகிறவள் நான். தென்காசி வந்து சேருகிறவரை மட்கார்டு இல்லாத அந்தச் சக்கரம் சேற்றையெல்லாம் என்மேல்தான் வாரி இறைத்தது. குடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.