ராஸ் டிம்மின்ஸின் சந்தேகமும் மெரிடித்தின் ஜீன்ஸும்

ஆஸ்திரேலியாவில் எங்கள் மில்டூராவில் ராஸ் டிம்மின்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர் மனைவி மெரிடித்தான். மற்றவர்களுக்கு அவர் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, எடை அளவு இன்ஸ்பெக்டர். முப்பத்துநான்கு வருடம் பெட்ரோல் பங்குகளிலும் இறைச்சிக் கடைகளிலும் திராட்சை ஆலைகளின் எடைமேடைகளிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தவர். அவர் கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாலே கசாப்புக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள் என்பார்கள். எல்லோரையும் கள்ளனாக நினைத்துப் பார்த்தால் நூற்றில் நாலு பேராவது மாட்டத்தான் செய்வார்கள். மீதித் தொண்ணூற்றாறு பேரைப் பற்றி ராஸ் யோசித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குணத்துக்கு வெளியே வேலை இல்லாமல் போனது. அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ரொட்டிக் கடையில் வாங்கிய, இறைச்சி அடைத்த சாசேஜ் ரோலைச் சமையலறைத் தராசில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பால் பாட்டிலின் தேதியைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பார், படித்துவிட்டு முகர்ந்தும் பார்ப்பார். மெரிடித் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள், பொறுமைசாலி. இந்த மனிதனோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்றால் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது.

அவள்தான் ஐம்பத்துநாலு வயதில் திடீரென்று பைக் ஓட்டப் படித்தாள். ராஸ் இருபது வயதிலிருந்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பக்கத்து ஊர் வென்ட்வொர்த் வரை போய், அங்கே ரொட்டிக் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டுத் திரும்பும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் அவரும் ஒருவர். நீ மட்டும் போய்க் காற்று வாங்கினால் போதுமா என்று கேட்டுவிட்டு, ஒரு முன்னூறு சிசி வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள் மெரிடித். அவள் கால்சட்டை விஷயம் அன்றைக்கு ஆரம்பித்தது.

ராஸ் எப்போதும் தோல் கால்சட்டைதான் போடுவார். நாற்பத்துநான்கு டிகிரி வெயிலில் தோலைப் போட்டுக்கொண்டு தன்னால் வேக முடியாது என்றாள் மெரிடித். வெளியே சாதாரண ஜீன்ஸ் மாதிரி, உள்ளே குண்டு துளைக்காத சட்டைகளுக்குப் போடும் மஞ்சள் இழையில் பின்னிய துணி, முட்டியிலும் இடுப்பிலும் மெத்தைகள், அப்படி ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். ராஸ் அதைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று எதைச் சொன்னாலும் அவருக்கு அடிப்பக்கம் ஈயம் வைத்த எடைக்கல் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

எட்டாவது தெருவில் மிரெல்லா பைக் உடுப்புக் கடை வைத்திருந்தாள். இத்தாலியத் திராட்சைக்காரக் குடும்பத்துப் பெண், ஐம்பது வயது, யாருக்கும் பயப்படாத வாய்.

"வாங்க இன்ஸ்பெக்டர். தராசு கொண்டாந்திருக்கீங்களா?"

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். ராஸ் பையிலிருந்து நிஜமாகவே கைத்தராசை எடுத்தார்.

அந்த மூன்று மணி நேரத்தை மிரெல்லா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். ராஸ் எட்டு ஜீன்ஸ்களை உள்புறம் திருப்பி மேசையில் பரப்பினார். மஞ்சள் துணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் அளந்தார். முட்டிக்கும் பின்புறத்துக்கும் மட்டும் ஒட்டுப் போட்டிருந்ததை எல்லாம் தள்ளி வைத்தார், கீழே விழுகிறவள் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் விழுவாளா என்று கேட்டார். தையலைக் கண்ணாடி வைத்து எண்ணினார். ஒரு இழையை உருவி லைட்டரில் காட்டினார். நைலானாக இருந்தால் உருகிச் சொட்டும். இது கருகி நின்றது. அப்புறம் மெரிடித்தை அதைப் போட்டுக்கொண்டு கடையில் நின்ற ஒரு வண்டிமேல் நாற்பது நிமிடம் உட்காரச் சொன்னார். நிற்கும்போது சரியாக இருக்கும் முட்டி மெத்தை, உட்கார்ந்ததும் தொடைக்கு ஏறிவிடக் கூடாதே. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. பைக் ஓட்டுகிற எவரும் அப்படித்தான் ஜீன்ஸ் பார்த்து வாங்க வேண்டும். தேர்ந்தெடுத்ததும் நல்ல ஜீன்ஸ்தான்.

அதை வாங்கிய பிறகாவது அந்த மனுஷன் நம்பியிருக்கலாம்.

உள்ளே ஒரு சிட்டை தைத்திருந்தது. குளிர்ந்த தண்ணீரில் துவைக்கவும், வெளுப்பான் போட வேண்டாம், நிழலில் காயவைக்கவும். ராஸ் அதை இரண்டு தடவை படித்தார். நாளைக்கு ஏதாவது ஆனால் நீ நிழலில் காயவைத்தாயா என்று கேட்டுக் கை கழுவிவிடத்தான் கம்பெனிக்காரன் இதை எழுதி வைத்திருக்கிறான் என்று மெரிடித்துக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, இடுப்பில் குத்துகிறது என்று நகவெட்டியால் அதை நறுக்கி எறிந்தார். எங்கள் ஊரிலோ வெயிலில் காயாத துணியைத் துவைத்த கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு கொல்லையிலும் துணி காயப்போட, குடை விரித்த மாதிரி ஓர் இரும்புக் கொடி சுற்றிக்கொண்டிருக்கும். மாட்டி முடித்துத் திரும்புவதற்குள் முதல் துணி காய்ந்திருக்கும். நிழலில் காயவை என்று இங்கே ஒருவன் சொன்னால் அவன்மேல் சந்தேகம் வருவது ராஸுக்கு மட்டுமில்லை.

திங்கட்கிழமைதோறும் அவரே துவைப்பார். உள்புறம் திருப்பி, மஞ்சள் துணி வெளியே தெரிய, கொடியில் மாட்டுவார். சனிக்கிழமை வரை அப்படியே தொங்கும். காலையிலும் சாயங்காலமும் போய்த் தடவிப் பார்ப்பார், எங்காவது இழை விட்டிருக்கிறதா, எங்காவது மெலிந்திருக்கிறதா என்று. இரண்டு கோடை இப்படிப் போனது.

இரண்டாவது கோடையில் மஞ்சள் பழுப்பாக மாறத் தொடங்கியது. ராஸுக்கு உச்சி குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். சாயம் போட்டு ஏமாற்றியிருக்கிறாள் மிரெல்லா என்று மெரிடித்திடம் காட்டினார். சாயமாக இருந்தால் தண்ணீரில் அல்லவா போகும், பழுப்பாக ஏன் ஆகிறது என்று மெரிடித் கேட்டாள். ராஸ் லைட்டரைத் தேடி எடுத்தார். ஓர் இழையை உருவி மறுபடி லைட்டரில் காட்டினார். உருகவில்லை, கருகியது. அசல் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனாலும் ஏதோ இருக்கிறது, ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். சந்தேகப்பட்ட ஜீன்ஸைப் பெண்டாட்டிக்குப் போட்டு அனுப்புகிறோமே என்று அந்தத் தலைக்கு ஏனோ தோன்றவில்லை.

மார்ச் மாதம், திராட்சை அறுவடை முடிகிற சமயம். லாரிகளிலிருந்து சிந்திய திராட்சை சாலைத் திருப்பங்களில் கூழாகக் கிடக்கும். வென்ட்வொர்த் போகும் வழியில் மெர்பைன் ஊரைத் தாண்டி ஒரு திருப்பத்தில் மெரிடித்தின் முன்சக்கரம் அதில் வழுக்கியது. வேகம் ஐம்பதுகூட இருக்காது. இடப்பக்கமாக விழுந்து பத்து மீட்டர் தேய்ந்துகொண்டு போனாள். பின்னால் வந்த ராஸ் அதைக் கண்ணால் பார்த்தார். முட்டி மெத்தை தாங்கிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே ஜீன்ஸ் கிழிந்து, உள்ளே இருந்த துணியும் நைந்த காகிதமாகக் கிழிந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சரளைப் பொடியை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் எடுத்தார்கள். ராஸ் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மெரிடித் சொன்னாள்.

"ராஸ், எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் விழுந்தது என் தப்பு. விழறவங்க விழத்தான் செய்வாங்க. ஆனா தாங்கும்னு சொல்லிக் குடுத்தது ஏன் தாங்கல? அது தெரியாம நான் இனிமே வண்டியில ஏற மாட்டேன். வித்துரு."

அவளுக்குச் சாவு பயம் இல்லை. எதை நம்புவது என்று தெரியாததுதான் பயம். அந்தப் பயத்தை முப்பது வருடமாகக் கரண்டி கரண்டியாக ஊட்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதில் வேறொன்று விழுந்தது. கடைசியில் மிரெல்லா மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வென்ட்வொர்த் ரொட்டிக் கடையில் கிழிந்த ஜீன்ஸை மேசைமேல் போட்டுக் கதையைச் சொன்னார். மிரெல்லா போலிச் சரக்கு விற்கிறாள், பாருங்கள் நிறத்தை. இன்ஸ்பெக்டர் சொன்னால் ஊர் நம்பும். அந்த வாரமே ஐந்து பேர் வாங்கிய ஜீன்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எட்டாவது தெருவில் அந்தக் கடைப் பக்கம் திரும்பாமல் போனார்கள். மிரெல்லா யாரையும் கூப்பிட்டு விளக்கம் சொல்லவில்லை. குற்றம் செய்தவள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்றார் ராஸ். பேசியிருந்தாலும் அவர் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பார்.

மூன்று வாரம் கழித்து மெரிடித் நொண்டியபடி எழுந்து நடந்ததும், கடைக்குப் போகலாம், அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்றாள். ராஸுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மிரெல்லா ஜீன்ஸை வாங்கி, கிழிசலை விரித்து, உள்துணியை இரண்டு விரலால் இழுத்தாள். பட்டென்று அறுந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ராஸ் அதைக் கவனித்து மனதில் குறித்துக்கொண்டார். உள்ளே போனவள், தன்னுடைய ஜீன்ஸைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். அதே வகை, ஒரே பெட்டியில் வந்த சரக்கு, தினமும் போடுகிறது, வெளியே முட்டி வெளுத்து நூல் பிரிந்திருந்தது. உள்புறம் திருப்பினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ராஸின் கையில் ஒரு முனையைக் கொடுத்து இழுக்கச் சொன்னாள். அவர் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். ஓர் இழைகூட அசையவில்லை.

"இன்ஸ்பெக்டர், இத எங்க காயப் போட்டீங்க?"

வீட்டுக் கொடியில்தான் என்றார் ராஸ்.

"எப்படி?"

அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். உள்புறம் திருப்பி, வாரம் முழுக்க, தினம் இரண்டு வேளை சோதனை. சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் குரல் இறங்கியது. மிரெல்லா தலையை நிமிர்த்தாமல், அடுக்கிலிருந்து ஒரு புது ஜீன்ஸை எடுத்து, உள்ளே தைத்திருந்த சிட்டையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அந்த இழைக்கு வெயில் ஆகாது என்றாள். வெளியே ஜீன்ஸ் துணி மூடியிருக்கும் வரை ஒன்றும் செய்யாது. திருப்பிப் போட்டு வெயிலில் வைத்தால் செத்துப்போகும். நெருப்பில் காட்டினால் அப்போதும் கருகத்தான் செய்யும், பலம் மட்டும் இருக்காது.

"ரெண்டு கோடை," என்றாள் மிரெல்லா. "நம்ம ஊரு வெயில்ல."

ராஸ் பேயறைந்த மாதிரி நின்றார். கம்பெனிக்காரன் மேல் ஏதாவது சொல்ல வாய் திறந்தார். ஆஸ்பத்திரியில் கிடுக்கி சரளையைத் தட்டில் போட்ட சத்தம்தான் காதில் கேட்டது.

மெரிடித் அவரைப் பார்க்கவில்லை. புது ஜீன்ஸை எடுத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு மாதத்தில் முதல் தடவையாக உயிர்க்களை வந்தது.

"அப்ப ஜீன்ஸ் நல்ல ஜீன்ஸ்தான்," என்றாள்.

"நல்லதுதான் மெரிடித்."

"எனக்கு அதான் தெரிய வேண்டியிருந்துச்சு. என் அளவு குடு."

ராஸ் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார், வாங்கி ஒரு தடவை பார்க்க. மெரிடித் அதை மறுபக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"நீ வெளிய நில்லு."

அவர் போய்த் தெருவில் நின்றார். உள்ளே இரண்டு பெண்களும் வெகுநேரம் பேசினார்கள், ஒரு தடவை சிரித்தார்கள். என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது, இன்றுவரை யாரும் சொல்லவுமில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இனிமேல் என் துணியை நான் துவைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக் கடையில் ராஸ் எழுந்து நின்றார். மிரெல்லா விற்றது அசல் சரக்கு. கெடுத்தது நான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு வெயிலில் திருப்பிப் போட்டுக் கெடுத்தேன். என் பெண்டாட்டி இடுப்புத் தோல் என்னால் போனது. நாலே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர், அப்போ அந்தத் துணி எடை சரியாத்தான் இருந்துச்சா இன்ஸ்பெக்டர் என்று கேட்டார். மெரிடித் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ராஸும் சிரிக்கப் பார்த்தார்.

கிளம்பும்போது மெரிடித் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். விழுந்த பிறகு முதல் ஓட்டம். காலையில் வரும்போது காரில்தான் வந்தாள். அவள் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ராஸ் குனிந்து, முட்டி மெத்தை சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கையைக் கொண்டுபோனார்.

"கைய எடு ராஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. பால் வாங்கி வா என்று சொல்கிற அதே குரல். அவர் எடுத்துக்கொண்டார். அவள் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு முன்னால் போனாள். ஒரு மாதம் வண்டியைத் தொடாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் இருபது மீட்டர் தள்ளிப் பின்னால் போனார். ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு கஷ்டம், துடைக்க முடியாது. மில்டூரா வரை அப்படியே ஓட்டினார்.